கால் கிலோ

ஆரணியில் பட்டுநூல் தறிக்குப் போகும் முன்னால் தராசுக்குப் போகிறது. கொசப்பாளையத்துப் பக்கம் ஒரு முதலாளி வீட்டு முன்கட்டு. சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு. அதில் ஓரமாக இடம் கிடைத்தால் போதும், வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். நெய்கிறவரோடு துணைக்கு வந்த ஆள் என்று முதலாளி நினைத்துக்கொள்கிறார். முதலாளிக்கு வேண்டப்பட்ட ஆள் என்று நெய்கிறவர் நினைத்துக்கொள்கிறார். காப்பி மட்டும் வந்துவிடுகிறது.

மேசைமேல் கண்ணாடிக் கூண்டுக்குள் மின்தராசு. ஜரிகை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்கள். வேர்க்க வேர்க்க, எல்லார் கண்ணும் சிவப்பு எண்கள் மேல். ஜரிகைக்குக் கணக்கு மார்க்கில்தான். ஒரு மார்க் 242 கிராம். பாவு இத்தனை, ஊடை இத்தனை, ஜரிகை இத்தனை என்று நெய்கிறவர் பேரில் சிட்டையில் ஏறுகிறது. புடவை முடிந்து திரும்பி வரும்போது அதுவும் இதே தராசில் உட்கார வேண்டும். போன எடைக்கும் வந்த எடைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்று வந்திருப்பவர் ஐம்பதைத் தாண்டியவர். மூன்று புடவையை இறக்கி வைத்த பிறகு, சட்டைப் பையிலிருந்து கசங்கிய பாலிதீன் பை ஒன்றை எடுக்கிறார். அறுந்த இழை, தாரில் மிஞ்சிய ஊடை, கத்தரித்த ஜரிகை நுனி எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கின்றன. அதையும் தட்டில் கொட்டுகிறார்.

“பதினோரு கிராம் கொறையுதே?”

“வெயிலு மொதலாளி. நூலு காஞ்சிபோய்க் கெடக்குது. மழ வந்தா தானா ஏறிக்கும்.”

முதலாளி சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பட்டு காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், மழைநாளில் கனக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பதினோரு கிராமில் எவ்வளவு வெயில், எவ்வளவு கைமறதி என்று பிரித்துப் பார்க்க எந்தத் தராசாலும் முடியாது. சிட்டையில் ஒரு கோடு விழுகிறது. துணுக்கு நூல் மேசைக்கு அடியில் இருக்கும் கோணிக்குப் போகிறது. ஜரிகை நுனியை மட்டும் பொறுக்கி மூடி போட்ட சம்படத்தில் போடுகிறார். அந்தச் சம்படம் வீட்டுக்குள், பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கிறது. கோணி எவ்வளவு நாளானாலும் திண்ணையில் கிடக்கலாம்.

சுழற்சிப் பொருளாதாரம் என்று பயிற்சி வகுப்புகளில் வட்டமாக அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். எடு, செய், வீசியெறி என்ற நேர்கோட்டை விட்டுவிட்டு, எறிவதையே மறுபடி எடுக்கும் பொருளாக ஆக்கு என்பது பாடம். இந்த முன்கட்டில் உட்கார்ந்து பார்த்தால், பாடம் நடத்த வந்தவர் கொஞ்சம் கூச்சப்படுவார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவசரப்பட்டு மெச்சவும் கூடாது. இதே ஊரில் இன்னும் நாலு வாசல் பார்க்க வேண்டியிருக்கிறது.

நெய்கிறவர் வீடு மூன்று தெரு தள்ளி. நுழைந்ததும் தறி, தறிக்குப் பின்னால் வீடு. குழிக்குள் கால் தொங்க உட்காரும் இடத்தில், மண் ஏறாமல் இருக்கப் பழைய நூல்புடவை விரித்திருக்கிறது. வாசலருகே ஒரு ஆயா தார் சுற்றுகிறார். ராட்டையின் சக்கரம் சைக்கிள் ரிம். டயர் போட்டு ஓடிய காலத்தைவிட நூல் சுற்றி ஓடிய காலம் அதிகம் இருக்கும் போலிருக்கிறது. ஆணிகள் தேய்ந்து பளபளக்கின்றன.

ஒரு பாவில் மூன்று நான்கு புடவை விழும். கடைசிப் புடவை முடிந்ததும் பாவை அப்படியே கழற்றிவிடுவதில்லை. விழுதுக்கும் அச்சுக்கும் உள்ளே பழைய இழைகளை விட்டுவைத்து, புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் அதன் வாலோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். பிணைக்கிறவர் ஒரு பெண். பக்கத்தில் கொட்டாங்குச்சியில் சாம்பல். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சாம்பலில் தொட்டு, இரண்டு நுனியைச் சேர்த்து ஒரு முறுக்கு, அடுத்தது. ஆயிரக்கணக்கான இழை. பேச்சு அதுபாட்டுக்கு நடக்கிறது, சீரியல் ஓடுகிறது, விரல் மட்டும் தப்புவதில்லை. இப்படிப் பிணைப்பதால் அச்சிலும் விழுதிலும் மறுபடி ஒவ்வொரு இழையாகக் கோக்கும் வேலை இல்லை. மிஞ்சுவது சாண் நீளத் துண்டு நூல். அதைத் தனியே ஒரு டப்பாவில் போடுகிறார். குஞ்சம் கட்ட ஆகும்.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் கோத்த மாலையாகத் தொங்குகின்றன. ஓர் அன்னம், ஒரு மாங்காய், ஒரு ருத்ராட்சக் கரை, எல்லாம் இந்த ஓட்டைகளின் கணக்கு. ஒரு டிசைன் ஓடி முடிந்ததும் அட்டைக்கட்டு மச்சுக்கு ஏறும், ஐந்தாறு வருஷம் கழித்து யாராவது “அந்தப் பழைய அன்னம் இருக்குதா?” என்று கேட்டு வந்தால் இறங்கும். ஒரே கட்டு நாலைந்து வீடு சுற்றி வருவதும் உண்டு. இப்போது மின்ஜக்கார்டு வைத்த வீடுகளில் டிசைன் பென்டிரைவில் வந்துவிடுகிறது. அட்டை பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. போகிற வழியில் இரண்டு தங்கிவிட்டன போல. மின்வெட்டில் ஆயா விசிறிக்கொள்வது அதில் ஒன்றைத்தான். நூறு ஓட்டை இருந்தும் காற்று வருகிறது.

இந்த வீட்டில் கல்லூரி முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். குஞ்ச டப்பா இப்போது அவள் கையில். கழித்துப்போட்ட பிளாஸ்டிக் வளையல்களை வாங்கி, பட்டுநூல் சுற்றி, ஓரத்தில் கல் ஒட்டி, போனில் படம் எடுத்துப் போடுகிறாள். ஆரம்பத்தில் துண்டு நூலையே சுற்றியிருக்கிறாள். இடையிடையே முடிச்சு தெரிந்திருக்கிறது. வாங்கினவர்கள் திருப்பியனுப்பினார்கள். இப்போது நீளநூலை வளையலுக்கும், துண்டை ஜிமிக்கியின் தொங்கலுக்கும் கிளிப்புக்கும் என்று பிரித்து வைத்துக்கொள்கிறாள். நீளநூல் விலைக்கு வாங்குகிறாளா என்றால், ஆமாம், வாங்குகிறாள். கழிவில் தொடங்கிய தொழில் புதுச்சரக்கை இழுத்துக்கொள்கிறது. இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கழிவிலிருந்து செய்தது என்று பெருமையாக எழுதியிருப்பதைப் படிக்கும்போது ஒரு புருவம் உயரத்தான் செய்கிறது. வடக்கே தறிக்கழிவுப் பட்டை மறுபடி முறுக்கிப் பின்னல்நூலாக்கி, மேல்நாட்டுப் பின்னல்காரர்களுக்கு அனுப்புகிறார்கள். திண்ணைக் கோணிகள் அந்தப் பக்கமும் போகலாம். ஏற்றிக்கொண்டு போகிறவர் எங்கே போகிறது என்று சொல்வதில்லை. எடையை மட்டும் சொல்கிறார்.

மத்தியானம் தெருவில் டி.வி.எஸ். எக்செல் சத்தம். அதன்மேல் கட்டிய ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்: பழைய பட்டுப் பொடவ, வெள்ளி ஜரிகப் பொடவ, கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, கற பட்டிருந்தாலும் பரவால்ல. தறிச் சத்தம் இரண்டு மூன்று வீடுகளில் நிற்கிறது.

ஆயா உள்ளே போய்த் துணிப்பையோடு வருகிறார். அரக்கு நிறம், கல்யாணப் புடவை. மடிப்புக்கு மடிப்பு கிழிந்து, தூக்கினால் தனித்தனிப் பட்டையாகத் தொங்குகிறது. கரை மட்டும் திடமாக இருக்கிறது. வண்டிக்காரர் கரையை இரண்டு விரலால் நீவுகிறார். முந்தானைப் பக்கம் ஒரு கல்லில் உரைக்கிறார், சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விடுகிறார், கல்லைச் சாய்த்துப் பார்க்கிறார். பிறகு ஓர் இழையை உருவித் தீக்குச்சி காட்டுகிறார். பட்டு கருகி மயிர் எரியும் நாற்றம். மிஞ்சிய கம்பி வெள்ளையாகச் சுருண்டு நிற்கிறது.

“நாலாயிரம் தர்றேன் ஆயா.”

“போன வருஷமே நாலாயிரம் சொன்னாங்க. வெள்ளி விக்கிற வெலைக்கு?”

“இதுல வெள்ளி எவ்ளோ இருக்குதுன்னு எரிச்சிப் பாத்தாதான தெரியும்?”

“அத்த நெஞ்சது எங்க மாமனாரு. எவ்ளோ ஜரிக போட்டாருன்னு எனக்குத் தெரியும்.”

இதற்கு வண்டிக்காரரிடம் பதில் இல்லை. ஐயாயிரத்து இருநூறில் முடிகிறது. அசல் ஜரிகை என்பது பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. புடவையை எரித்து, சாம்பலை வெங்காரம் போட்டு மூசையில் உருக்கினால் வெள்ளி திரளும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரைந்து, துளித் தங்கம் அடியில் தங்கும். அந்த வெள்ளியை மறுபடி கம்பியாக இழுத்தால் மறுபடி ஜரிகை. சூரத்திலிருந்து புதிதாக வரும் ஜரிகைச் சுருளில் எந்த ஆயாவின் கரை இருக்கிறது என்று யார் கண்டது? வட்டம் என்றால் இது வட்டம்தான். பாதி வட்டம் என்று திருத்திக்கொள்ளலாம்; வெள்ளி திரும்பி வருகிறது, பட்டு புகையாகப் போகிறது. கொஞ்சம் விவரமானவர்கள் கரையை மட்டும் கத்தரித்துக் கொடுத்துவிட்டு உடலைப் பேத்திக்குப் பாவாடையாகத் தைக்கிறார்கள். உடல் நைந்து கரை நன்றாக இருந்தால், கரையை எடுத்துப் புது உடலில் ஒட்டுத் தைத்துத் தருகிற தையற்காரர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து மருமகள் தன் புடவையைக் கொண்டுவருகிறாள். பச்சை, கிளிக்கழுத்து முந்தானை, ஓரிடத்தில் எண்ணெய்க் கறை. பத்து வருஷம் ஆகவில்லை. வண்டிக்காரர் உரைகல்லை எடுக்கவே இல்லை. கரையைத் தொட்டதும் முகம் மாறுகிறது. மரியாதைக்கு ஓர் இழையை உருவித் தீ காட்டுகிறார். இழை சுருங்கி உருகி, கறுப்பு மணியாக நுனியில் தொங்குகிறது. பிளாஸ்டிக் வாடை.

“இது வாணாங்க்கா.”

“பட்டுன்னு சொல்லித்தான குடுத்தான்?”

“பட்டுதான். ஜரிகதான் இல்ல.”

செம்புக் கம்பியில் மெல்லிசாக வெள்ளிப் பூச்சு ஏற்றியது டெஸ்டட், அதற்கும் மேலே ஒரு படி ஹாஃப் ஃபைன், எல்லாவற்றுக்கும் கீழே பாலியெஸ்டர் நாடாவை மினுக்கியது. உடுத்தி நிற்கும்போது பத்தடியில் வித்தியாசம் தெரியாது. இருபது வருஷம் கழித்து வண்டிக்காரர் வரும்போது தெரியும். பட்டும் பாலியெஸ்டரும் ஒரே நெசவில் இழைக்கு இழை பின்னிக்கிடக்கும் துணியைப் பிரிக்கக் கையால் ஆகாது, எரித்தால் காசு வராது. அப்படிப்பட்ட புடவை பீரோவில் கிடக்கும், பிறகு பரணில், பிறகு குப்பையில்.

தறியில் உட்கார்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் வாயே திறக்கவில்லை. அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் பாவின் கரையில் இருப்பதும் டெஸ்டட் ஜரிகைதான். ஆர்டர் அப்படி. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, விலையும் கைக்கு எட்டும் என்பதுதான் சந்தையில் இதன் பேர். விலையை எட்ட வைப்பதற்கு முதலில் கழிந்தது ஜரிகை. 1971 முதல் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்களுக்கு அசல் சரக்கு தருகிறது. ஆனால் தனியார் முதலாளி எதைப் போடச் சொல்கிறாரோ அதைத்தான் நெய்கிறவர் போட முடியும். சின்னத் தொழில் தானாகவே சிக்கனமாக இருக்கும், மறுபடி பயன்படுத்தும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். கூலிக்கு நெய்கிற கையில் அந்த முடிவு இல்லை என்பதை இந்தத் தறிக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் விளங்கும்.

கழிவு எப்போது காசாகும் என்ற பாடம் ஆரணிக்காரர்களுக்குப் புதிதல்ல. பட்டில் மட்டுமல்ல, அரிசியிலும் அவர்கள் இதைப் படித்தவர்கள். பக்கத்துக் களம்பூர் பொன்னிக்குச் சென்னையில் தனி விலை. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒருகாலத்தில் ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து, தள்ளிவிட இடம் தேடியது. இன்று அதே உமிதான் கொதிகலனில் எரிந்து நெல்லை அவிக்கிறது. மிஞ்சியதற்கு விலை உண்டு. சாம்பல் செங்கல் சூளைக்கு, தவிடு எண்ணெய் எடுக்கிற ஆலைக்கு. எந்த ஆலைக்காரரும் சுற்றுச்சூழல் வகுப்புக்குப் போய்விட்டு வந்து உமியை எரிக்கத் தொடங்கவில்லை. வாங்க ஆள் வந்தார், லாரியோடும் எடைமேடைச் சீட்டோடும் வந்தார். ஊரில் எது திரும்புகிறது, எது தொலைகிறது என்று நாள்முழுக்கப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது ஒன்றுதான்: தராசோடு ஒருவர் வாசலுக்கு வருகிற பொருளை இவர்கள் ஒரு கிராம்கூட விடுவதில்லை, தராசு வராத பொருள் இவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

அப்படிக் கண்ணில் படாத பொருளைப் பார்க்க வேண்டுமானால் சாயப்பட்டறைக்குப் போக வேண்டும்.

தகரக்கூரை, நாலு அடுப்பு, மேலே புகைக்கரி. தரையில் எந்த நிறமும் முழுசாக இல்லை; எல்லா நிறமும் இருக்கிறது. சாயக்காரரின் முழங்கைவரை இன்று ஊதா, நகக்கண்ணில் மட்டும் நேற்றைய மஞ்சள். காலையில் வந்த கச்சாப் பட்டுச் சிட்டங்களைத் தொட்டால் விறைப்பாக, வைக்கோல் முரமுரப்போடு இருக்கின்றன. பட்டுப்புழு இரண்டு இழையைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டப் போட்ட பசை அது, செரிசின். அது போகாமல் பட்டுக்குப் பளபளப்பு வராது, சாயமும் ஒழுங்காக ஏறாது. அண்டாவில் தண்ணீர், சோப்பு, சோடா. கொதிக்கவிட்டு, கழியில் மாட்டிய சிட்டங்களை முக்கி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். தண்ணீர் மெல்ல வெளிறி, நுரைத்து, வழவழப்பாகிறது. சிட்டம் வெளியே வரும்போது அதே நூல்தானா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மிருது.

இங்கேயும் ஒரு தராசு உண்டு. ஒரு கிலோ கொடுத்தால் முக்கால் கிலோவோ கொஞ்சம் மேலேயோ திரும்பும். சாயக்காரரும் முதலாளியும் ஒப்புக்கொண்ட கணக்கு அது. ஐம்பது கிராம் கூடுதலாகக் குறைந்தால் சண்டை வரும். ஆனால் அந்தக் கால் கிலோ எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிற நூலில் நாலில் ஒரு பங்கு, அண்டாவைச் சாய்த்ததும் வாய்க்காலுக்குப் போகிறது. வெறும் தண்ணீரென்றால்கூடப் பரவாயில்லை. அது முழுக்கப் புரதம், அழுகுகிற பொருள். நீரில் இருக்கும் உயிர்வளியை அது தின்றுவிடும். ஜவ்வாது மலையிலிருந்து படவேடு வழியாக இறங்கி வரும் கமண்டல நாகநதி முக்கால் வருஷம் மணலாகத்தான் கிடக்கிறது. அடித்துக்கொண்டு போக ஆற்றிலும் தண்ணீர் இல்லை.

சாயத்தில் சாயக்காரர் கஞ்சர். வெளிர் நிறத்தை முதலில் போடுகிறார். அந்த அண்டாவில் மிஞ்சியதன்மேல் அடுத்த அழுத்த நிறம், கடைசியில் எல்லா மிச்சமும் கறுப்புக்கோ அரக்குக்கோ அடியாகிறது. சாயப்பொடி டப்பாவில் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு கரண்டியும் தெரிகிறது. செரிசினுக்கு அப்படி ஒரு சீட்டு இல்லை.

ஜப்பானில் இருக்கிறது. ஃபுகுய் நகரத்தில் 1889-ல் தொடங்கிய செய்ரன் என்ற நிறுவனம் பட்டின் பசையை அவித்தெடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. அந்த நீரில் வேலை செய்கிறவர்களின் கைகள் மட்டும் எப்போதும் வழவழப்பாக இருப்பதைக் கவனித்து ஆராயத் தொடங்கினோம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இன்று அவர்கள் அந்த நீரிலிருந்து செரிசினைப் பிரித்து முகப்பூச்சுக்கும் சோப்புக்கும் விற்கிறார்கள். நம் நாட்டிலும் பெங்களூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இதில் வேலை செய்திருக்கிறது. ஆரணிச் சாயக்காரரின் கை வழவழப்பாக இல்லை. சோடா தின்று வெடித்திருக்கிறது. சிக்கலும் அந்தச் சோடாவில்தான். சோப்பும் சோடாவும் கலந்த நீரிலிருந்து செரிசினைச் சுத்தமாகப் பிரிப்பது பெருஞ்செலவு. எதுவும் போடாமல், அழுத்தத்தில் சூடான வெறும் தண்ணீரில் அவித்தால் சுத்தமாகக் கிடைக்கும். அதற்கு அண்டா போதாது, மூடி இறுகும் கொப்பரை வேண்டும்.

இப்படி ஒரு மாற்றத்தைச் சின்னப் பட்டறைகள் எப்படிக் கற்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய கதை இருக்கிறது. திருப்பூரில் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில், 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்றது. ஆகவில்லை. 2011 ஜனவரியில் மூடு என்றது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆவியாக்கும் கலங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. இப்போது சாயத்தண்ணீரைத் திரும்ப எடுப்பதோடு உப்பையும் எடுத்து மறுபடி சாயத்துக்கே போடுகிறார்கள். அங்கே தராசைக் கொண்டுவந்தது நீதிமன்றம். பனியன் ஏற்றுமதியில் அந்தச் செலவைத் தாங்குவதற்கு ஓரளவு இடம் இருந்தது. அதிலும் தாங்காமல் தொழிலை விட்டவர்கள் உண்டு. நாலு அடுப்பு வைத்த ஆரணிப் பட்டறைக்கு அதே சட்டையைப் போட்டால் ஆள் உள்ளேயே காணாமல் போய்விடுவார்.

சாயக்காரரின் பையன் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்திருக்கிறான். அவனுக்கு யோசனை வேறு. பட்டறைக்குப் பின்னால் வீடு. வீட்டுச் சமையலறையிலிருந்து ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நூறு கிராம் சிட்டம் ஒன்றை நிறுத்து, நோட்டில் எழுதி, துணிப்பையில் கட்டி, இரண்டு லிட்டர் தண்ணீரில் வைத்து மூடுகிறான். சோப்பு இல்லை, சோடா இல்லை. அடுப்பில் ஏற்றுகிறான். அப்பா பார்க்காததுபோல் அரக்குச் சிட்டத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் விசில் வருகிற ஒவ்வொரு தடவையும் அவர் கழி ஒரு நொடி நிற்கிறது.

அரைமணி நேரம் கழித்துத் திறக்கிறான். அவித்த நூலின் கனமான வாடை. சிட்டத்தைப் பிழிந்து வெளியே எடுத்து நிழலில் போடுகிறான். அடியில் இருப்பது பாலேறிய தண்ணீர், லேசான மஞ்சள். அதை எவர்சில்வர் சட்டியில் ஊற்றி ஓரமாக வைக்கிறான். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேலே ஆடை கட்டுகிறது. சாயங்காலம் சட்டியைச் சாய்த்துப் பார்த்தால் கீழே ஓடவில்லை. நுங்கு மாதிரி உறைந்து நிற்கிறது. அப்பா இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறார். ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். முப்பது வருஷமாகக் கால்வாயில் ஊற்றியதை முதல்முதலாகக் கையில் எடுக்கிறார் என்று நாம் வேண்டுமானால் அலங்காரமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் சொன்னது வேறு.

“இத்த எடுத்துக்க யாரு வருவா?”

“பொடியாக்கினா க்ரீம் கம்பெனிக்காரங்க வாங்குவாங்கப்பா.”

“மாசத்துக்கு எவ்ளோ கேப்பாங்க?”

பையன் சும்மா இருக்கிறான். நாலு அடுப்புப் பட்டறையின் ஒரு மாதத்துச் செரிசினைத் தேடி எந்தக் கம்பெனியும் ஆரணிக்கு ஆள் அனுப்பாது. ஊரிலிருக்கும் சாயக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, பொதுவில் ஒரு கொப்பரை வைத்து, ஒரே இடத்தில் அவித்தால் ஒருவேளை எடை சேரும். அப்படிச் சேர்ந்தால் யார் நூல் எந்தப் பக்கம் போயிற்று, யாருக்கு முதல் முறை என்ற சண்டையும் சேரும். இது எல்லாம் அப்பாவுக்கு மனக்கணக்காகவே தெரியும். அவர் வாதாடவே இல்லை. காய்ந்த சிட்டத்தை எடுத்துத் தராசில் போடுகிறார். எழுபத்தேழு கிராம். நோட்டை வாங்கி, பையன் எழுதிய வரிக்குக் கீழே தானே எழுதுகிறார். பிறகு, சோப்பில் அவித்த சிட்டம் ஒன்றையும் இதையும் சேர்த்து ஒரே அரக்கு அண்டாவில் முக்குகிறார். இரண்டும் வெளியே வருகின்றன. வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்க்கிறார். குக்கரில் வெந்தது ஒரு நூலளவு வெளிறித்தான் இருக்கிறது; எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிகிறது.

“பாவுக்குக் குடுத்துடாத. கோடு விழும், மொதலாளி புடவைய மூஞ்சில அடிப்பாரு. ஊடைக்குன்னா ஓடிரும்.”

“அப்ப அடுத்த வாரம் அரைக் கிலோ போட்டுப் பாக்கட்டாப்பா?”

“போடு. வெறகு எவ்ளோ ஆவுது, சோடா எவ்ளோ மிச்சம்னு பக்கத்துலயே எழுதிக்கினு வா. க்ரீம் கம்பெனிய அப்பறம் பாக்கலாம்.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். குக்கரில் இனி சோறு வைக்க மாட்டாளாம். புதுசு வாங்கிக்கொடுக்க வேண்டும், அதுவும் இன்றைக்கே, கடை மூடுவதற்குள். பையன் நோட்டில் அந்தச் செலவையும் எழுதிக்கொள்கிறான்.